சிவப்புப் பட்டியலை எப்படிப் படிப்பது?

அழியும் நிலையிலுள்ள உயிரினங்கள் என்றதும் நம் மனக்கண்முன் எழும் படங்கள் எவை? பாண்டாக் கரடி, வங்கப் புலி, பனிச்சிறுத்தை, நீலத் திமிங்கிலம். பொது அறிவு நூல்களும் நாட்காட்டிகளும் இப்படங்களையே திரும்பத் திரும்பக் காட்டி வந்துள்ளன. ஆனால் உலகம் முழுவதும் சான்றாகக் கொள்ளப்படும் சிவப்புப் பட்டியலைப் புரட்டிப் பார்த்தால் வியப்பே மிஞ்சும். இந்த நான்கில் ஒன்றுகூட அப்பட்டியலின் மிகக் கடுமையான வகுப்பில் இல்லை. பாண்டா 2016ஆம் ஆண்டிலும் பனிச்சிறுத்தை 2017ஆம் ஆண்டிலும் ஆபத்து ஒரு படி குறைந்தவையாக அறிவிக்கப்பட்டன. புலியும் நீலத் திமிங்கிலமும் அவற்றுக்கு மேற்படியில் உள்ளன. எனினும் உச்சிப்படியில் இல்லை.

அப்படியானால் உச்சிப்படியில் இருப்பவை எவை? மெக்சிகோவின் வளைகுடாவொன்றில் பத்து அளவிலேயே எஞ்சியுள்ள வாகிட்டா என்னும் சிறு கடற்பன்றி, ஜாவாத் தீவின் காண்டாமிருகம், நம் நாட்டுக் கானமயில், கரியால் முதலை ஆகியவை அங்கே உள்ளன. இவற்றைக் காண நெடும் பயணம் செய்ய வேண்டும். ஆனால் அதே உச்சிப்படியில் இருக்கும் மற்றொரு உயிரை இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதி மக்கள் தலைமுறை தலைமுறையாக அறிவார்கள். அதன் பெயர் உழுவை. முன்பாதி திருக்கையைப் போலத் தட்டையாகவும், பின்பாதி சுறாவைப் போல நீண்டு இரு முதுகுத் துடுப்புகளுடனும் இருக்கும் மீன் அது.

வலையில் வந்து விழும் மீன் எப்படி உலகிலேயே மிகுந்த ஆபத்திலுள்ள உயிர்களில் ஒன்றாகும்? இந்தக் கேள்விக்கு விடை காண வேண்டுமானால் சிவப்புப் பட்டியல் என்னதான் அளக்கிறது என்பதை அறிந்தாக வேண்டும். நான் உயிரியல் படித்தவன் அல்லன்; இயற்பியல் கற்பிப்பவன். ஆகவே ஓர் அளவுகருவியை ஆய்வுக்கூடத்தில் எப்படி மதிப்பிடுவோமோ அப்படியே இப்பட்டியலை மதிப்பிட முயல்கிறேன். அது எதை அளக்கிறது? எந்த அலகில் அளக்கிறது? எங்கே பிழைபடுகிறது?

கருத்திலிருந்து கணக்கிற்கு

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 1948ஆம் ஆண்டில் பிரான்சில் தோன்றியது. 1964ஆம் ஆண்டு முதல் சிவப்புப் பட்டியல் அதன் பொறுப்பில் உள்ளது. தொடக்கக் காலத்தில் எந்த உயிரை எந்த வகுப்பில் வைப்பது என்பதை அத்துறை அறிஞர்களின் கருத்தே முடிவு செய்தது. ஒருவருக்குப் பேராபத்தாகத் தோன்றுவது மற்றொருவருக்குச் சிற்றாபத்தாகத் தோன்றலாம் அல்லவா? நெற்றியில் கைவைத்துக் காய்ச்சல் பார்ப்பதைப் போன்ற முறை அது.

இதை மாற்றியவர்களில் முதன்மையானவர்கள் ஜார்ஜினா மேஸ், ரசல் லாண்டி ஆகிய இரு அறிஞர்கள். வகுப்புகளை எண் வரம்புகளால் பிரிக்க வேண்டும் என்று 1991ஆம் ஆண்டில் அவர்கள் எழுதினார்கள். 1994இல் ஒன்றியம் எண் முறையை ஏற்றுக்கொண்டது. 2001இல் திருத்தப்பட்ட வடிவமே இன்றும் நடைமுறையில் உள்ளது. நெற்றியில் வைத்த கையை எடுத்துவிட்டு வெப்பமானியை வைத்தார்கள் எனலாம்.

இன்று 1,70,000க்கும் மேற்பட்ட இனங்கள் மதிப்பிடப்பட்டுள்ளன. அவற்றுள் 48,000க்கும் மேற்பட்டவை ஆபத்தில் உள்ளன என்று பட்டியல் கூறுகிறது. உச்சிப்படியில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவை உள்ளன.

ஐந்து அளவுகோல்கள்

உச்சிப்படியில் ஓர் இனத்தை வைக்க ஐந்து வழிகள் உண்டு. இவற்றுள் ஏதேனும் ஒன்று பொருந்தினாலே போதும்.

முதலாவது, வீழ்ச்சி. பத்து ஆண்டுகள் அல்லது மூன்று தலைமுறைகள், இவற்றில் எது நீண்டதோ அக்காலத்துக்குள் எண்ணிக்கை 80 விழுக்காடு அல்லது அதற்கு மேல் குறைந்திருக்க வேண்டும். (குறையக் காரணமானது அறியப்பட்டு, நீங்கியும்விட்டதானால் வரம்பு 90 விழுக்காடு.) இரண்டாவது, பரப்பு. 100 சதுர கிலோமீட்டருக்குக் குறைவான பரப்பில் வாழ்ந்து, அப்பரப்பும் துண்டுபட்டோ சுருங்கியோ வர வேண்டும். மூன்றாவது, முதிர்ந்த உயிர்கள் 250க்கும் குறைவாக இருந்து மேலும் குறைந்து வருதல். நான்காவது, முதிர்ந்த உயிர்கள் 50க்கும் குறைவு. ஐந்தாவது, பத்து ஆண்டுகளில் அல்லது மூன்று தலைமுறைகளில் அடியோடு அழியும் நிகழ்தகவு 50 விழுக்காட்டுக்குக் குறையாதது எனக் கணக்கிட்டுக் காட்டல்.

மூன்றாவதும் நான்காவதும் நாம் எளிதில் புரிந்துகொள்பவை. ஆஸ்திரேலியாவில் 1994இல் கண்டுபிடிக்கப்பட்ட வாலமை என்னும் பைன் மரம் இதற்குச் சான்று. ஒரு மலை இடுக்கில் முதிர்ந்த மரங்கள் நூற்றுக்கும் குறைவாகவே இருந்தன. ஒரு காட்டுத்தீயோ நோயோ போதும்; கதை முடிந்துவிடும். எண்ணிக்கை குறைவு, ஆகவே ஆபத்து. இதில் குழப்பமே இல்லை.

ஆனால் முதல் அளவுகோல் வேறு வகையானது. அது எத்தனை உயிர்கள் இருக்கின்றன என்று கேட்பதில்லை. எவ்வளவு விரைவாகக் குறைகின்றன என்றே கேட்கிறது. இயற்பியல் மாணவர்களின் மொழியில் சொன்னால், அது நிலையை அளக்காமல் மாறும் வீதத்தை அளக்கிறது. பள்ளத்தாக்கை நோக்கி ஓடும் வண்டி இன்னும் மேட்டில்தான் இருக்கிறது என்பதால் அதற்கு ஆபத்தில்லை என்று கூற முடியுமா?

இங்கே தமிழில் நாம் வழங்கும் சொல்லே நம்மைச் சற்றுத் திசை திருப்பிவிடுகிறது. உச்சிப்படி இனங்களை 'மிக அருகிய இனங்கள்' என்று எழுதுகிறோம். அருகுதல் என்பதற்குக் குறைதல் என்றும் பொருள் உண்டு, அரிதாதல் என்றும் பொருள் உண்டு. படிப்பவர் மனத்தில் அரிதாதல் என்ற பொருளே தங்குகிறது. பட்டியல் பெரும்பாலும் சொல்ல வருவதோ குறைதல். அரிதான உயிர் என்றால் கண்ணில் படாதது என்று எண்ணுகிறோம். கண்ணில் படும் உயிரைப் பற்றிக் கவலைப்படாமல் இருந்துவிடுகிறோம்.

அளவுகள் மாறினால் வகுப்பும் மாறும் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டுமே இயற்கையாக வளரும் செம்மரம் நல்ல எடுத்துக்காட்டு. நம் துறைமுகங்களில் கடத்தல் சரக்காகப் பிடிபடும் அதே மரந்தான். 1990களில் உச்சிப்படிக்கு அடுத்த படியில் வைக்கப்பட்ட அம்மரம், 2018இல் இரண்டு படி தாழ்ந்த வகுப்புக்கு மாற்றப்பட்டது. 2021இல் மீண்டும் பழைய இடத்துக்கே வந்தது. மூன்று ஆண்டுகளில் காடு அவ்வளவு மாறிவிடவில்லை, மதிப்பீடுதான் மாறியது. பட்டியலைக் கல்வெட்டாகக் கொள்ளாமல் திருத்தத்துக்கு உரிய அளவீடாகக் கொள்ள வேண்டும் என்பதற்கு இது சான்று.

உழுவையின் அரை ஆயுட்காலம்

கதிரியக்கப் பொருள்களைப் பற்றிப் படிக்கும்போது அரை ஆயுட்காலம் என்ற கருத்தை மாணவர்கள் கற்கிறார்கள். இருக்கும் அணுக்களில் பாதி சிதைய ஆகும் காலம் அது. இதே கணக்கை உயிரினங்களுக்கும் போட்டுப் பார்க்கலாம்.

உழுவை மெதுவாக வளர்ந்து, காலந்தாழ்த்திப் பருவமெய்தும் மீன். முட்டையிடாமல் குட்டி போடுவது. ஓர் ஈற்றுக்கு இருபதுக்கும் குறைவான குட்டிகளே. ஆயிரக்கணக்கில் முட்டையிடும் மத்தியோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். ஒரு தலைமுறைக் காலம் 15 ஆண்டுகள் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். மூன்று தலைமுறை 45 ஆண்டுகள். அக்காலத்தில் 80 விழுக்காடு வீழ்ச்சி என்றால், 100 மீன் இருந்த இடத்தில் 15 ஆண்டில் 58, 30 ஆண்டில் 34, 45 ஆண்டில் 20 என்றாகும். அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 19 ஆண்டுகள். ஆண்டுக்கு ஆண்டு குறைவது வெறும் 3.5 விழுக்காடு!

இந்த 3.5 விழுக்காட்டை யாரால் கண்ணால் கண்டுகொள்ள முடியும்? ஒரு பருவம் மீன்பாடு நன்றாக இருக்கும், மறு பருவம் மோசமாக இருக்கும். அந்த ஏற்றத்தாழ்வே இதைவிடப் பன்மடங்கு பெரிது. ஆக, ஒவ்வோர் ஆண்டும் 'ஏறக்குறைய போன ஆண்டைப் போலத்தான்' என்று தோன்றும். இருபது வயதில் கடலுக்குப் போகத் தொடங்கியவர் அறுபத்தைந்து வயதில் திரும்பிப் பார்த்தால்தான் நூறு இருபதாகிவிட்டது தெரியும். அவருடைய மகனோ தான் தொழிலுக்கு வந்தபோது இருந்ததையே இயல்பான அளவாகக் கொள்வார். இப்படித் தலைமுறைக்குத் தலைமுறை ஒப்பீட்டுப் புள்ளியே கீழே நகர்ந்துவிடுவதை மீன்வள அறிஞர் டேனியல் பாலி 1995இல் எடுத்துக்காட்டினார்.

இதற்கு நேர்மாறானது பாறு எனப்படும் பிணந்தின்னிக் கழுகின் கதை. இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 1992க்கும் 2007க்கும் இடையில் 99.9 விழுக்காடு குறைந்துவிட்டது. ஆயிரத்துக்கு ஒன்றே மிச்சம். இதன் அரை ஆயுட்காலத்தைக் கணக்கிட்டால் ஒன்றரை ஆண்டுதான் வரும்! அந்த வீழ்ச்சி எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. 2000ஆம் ஆண்டில் அது உச்சிப்படியில் வைக்கப்பட்டது. மாடுகளுக்குப் போடும் டைக்ளோபினாக் என்னும் வலிநீக்கி மருந்தே காரணம் என்பது 2004இல் வெளியிடப்பட்டது. 2006இல் கால்நடை மருத்துவத்தில் அம்மருந்து இந்தியாவில் தடை செய்யப்பட்டது. நம் மாநிலத்தின் மோயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியுள்ள பாறுகளுக்கு அத்தடை ஒரு கவசம்.

ஒன்றரை ஆண்டும் பத்தொன்பது ஆண்டும் எப்படி ஒரே வகுப்பில் இருக்கலாம் என்று கேட்கலாம். இங்கேதான் பட்டியலின் சிறப்பு உள்ளது. ஆண்டு என்பது மனிதனுக்கு வசதியான அலகு. தலைமுறை என்பதோ அந்தந்த உயிருக்கு உரிய அலகு. மெதுவாக இனம்பெருக்கும் உயிர் மெதுவாகத்தான் மீளவும் முடியும். ஆகவே அதன் வீழ்ச்சியை அதன் கடிகாரத்தைக் கொண்டே அளக்க வேண்டும். மெதுவான அழிவையும் ஆபத்து என்று அடையாளம் காட்டுவது இப்பட்டியலின் அறிவியல் வலிமை என்று நான் கருதுகிறேன்.

காசிமேட்டுக் கணக்கு

2019ஆம் ஆண்டு ஜூலையில் உழுவையும் அதன் நெருங்கிய உறவான பெருங்கிடார் மீன்களும் மறுமதிப்பீடு செய்யப்பட்டன. இவ்விரு குடும்பங்களிலும் அப்போது அறியப்பட்டிருந்த இனங்கள் 16. அவற்றுள் 15 உச்சிப்படியில் வைக்கப்பட்டன. கடல்மீன்களில் இத்தகைய நிலையிலுள்ள குடும்பங்கள் வேறு காண்பது அரிது.

இம்முடிவுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட சான்றுகளுள் ஒன்று நம் சென்னையிலிருந்தே சென்றது என்பது பலருக்குத் தெரியாது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் சென்னை ஆய்வாளர்கள் 2002 முதல் 2006 வரை கரைக்கு வந்த சுறா, திருக்கை, உழுவை வகைகளை அளந்து 2009இல் வெளியிட்டார்கள். அந்த ஐந்து ஆண்டுகளில் உழுவை வகைகளின் வரத்து 86 விழுக்காடு குறைந்திருந்தது.

இந்த எண்ணை அப்படியே ஏற்றுக்கொள்ளலாமா? ஆய்வுக்கூடத்தில் ஒரு மாணவர் இத்தகைய அளவைக் கொண்டுவந்தால் மூன்று கேள்விகளைக் கேட்பேன்.

முதல் கேள்வி: அளந்தது எதை? கரைக்கு வந்த மீனை. கடலில் இருக்கும் மீனை அன்று. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டுமானால் மீன்பிடிக்கும் முயற்சி மாறாமல் இருக்க வேண்டும். இரண்டாவது கேள்வி: அக்காலத்தில் வேறு ஏதேனும் நிகழ்ந்ததா? நிகழ்ந்தது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தது. படகுகளும் வலைகளும் அழிந்து தொழில் முடங்கியது. வரத்துக் குறைவில் ஒரு பங்கு அதனால் வந்திருக்கலாம். மூன்றாவது கேள்வி: ஐந்து ஆண்டு என்பது உழுவையின் ஒரு தலைமுறைக்கே போதாத காலம் அன்றோ?

மூன்றும் நியாயமான ஐயங்களே. இவற்றைத் தீர்க்க ஒரே வழி, வேறோர் இடத்தில் எடுத்த அளவோடு ஒப்பிடுவது. மகாராஷ்டிரக் கரையில் 1990 முதல் 2004 வரை எடுத்த அளவுகள் உள்ளன. அங்கே ஆழிப்பேரலையின் பாதிப்பு இல்லை. காலமும் பதினைந்து ஆண்டுகள். மீன்பிடி முயற்சியோ குறையவில்லை, இரு மடங்காகியது. அப்படியிருந்தும் உழுவை வகைகளின் வரத்து 95 விழுக்காடு குறைந்தது. இரு மடங்கு வலை வீசி இருபதில் ஒரு பங்கு மீன் கிடைத்தால், கடலில் இருப்பது வரத்து காட்டுவதைவிடவும் குறைந்திருக்கிறது என்றுதானே பொருள்? ஆக, சென்னை அளவின் பருமன் ஐயத்துக்குரியது. அதன் திசை ஐயத்துக்குரியது அன்று. பட்டியலின் தீர்ப்பு சரியே என்று ஏற்கலாம்.

ஆயினும் என் குறை வேறு. இத்துணைப் பெரிய முடிவுக்குப் பின்னால் இருக்கும் அளவீடுகள் மிகச் சில. உலகில் ஏறத்தாழ 11,000 பறவை இனங்கள், அனைத்தும் மதிப்பிடப்பட்டுவிட்டன. பூஞ்சைகளில் பெயரிடப்பட்டவை ஒரு லட்சத்துக்கும் மேல். மதிப்பிடப்பட்டவை ஆயிரத்துச் சொச்சமே. பெயரிடப்பட்ட எல்லா உயிரினங்களையும் சேர்த்துப் பார்த்தால் பத்தில் ஒரு பங்குகூடப் பட்டியலுக்குள் வரவில்லை. கண்ணுக்கு அழகானதும் செல்வ நாட்டினரின் பொழுதுபோக்குக்கு உகந்ததும் முதலில் அளக்கப்படுகின்றன. சேற்றிலும் மணலிலும் வாழ்பவை கடைசியில் அளக்கப்படுகின்றன. வெளிச்சம் உள்ள இடத்தில் மட்டும் தேடும் ஆய்வு இது என்ற குற்றச்சாட்டைப் பட்டியல் இன்னும் முழுமையாக நீக்கிக்கொள்ளவில்லை.

பெயரில் நேர்ந்த பிழை

அளவீட்டில் இன்னொரு வகைப் பிழை உண்டு. பல பொருள்களை ஒரே பொருளாக எண்ணிவிடுவது. நம் புள்ளிவிவரங்களில் பல இன உழுவைகள் ஒரே தலைப்பில் கூட்டப்படுகின்றன. பெரிய இனம் ஒன்று மறைந்து, சிறிய இனம் ஒன்று அதன் இடத்தை நிரப்பினால் கூட்டுத்தொகையில் எதுவும் தெரியாது.

இது வெறும் கற்பனை அன்று. ஐரோப்பாவில் 'பொதுத் திருக்கை' என்று பெயர் பெற்ற பெரிய மீன், அயர்லாந்துக் கடலிலிருந்து மறைந்துவிட்டதை 1981இல்தான் ஓர் ஆய்வாளர் எடுத்துக் கூறினார். பல திருக்கை இனங்களை ஒரே பெயரில் எழுதி வந்ததால் அதன் மறைவு கணக்கில் தெரியாமற் போயிற்று. 2010இல் மற்றொரு செய்தி வெளிவந்தது: அந்தப் பொதுத் திருக்கையே ஓர் இனம் அன்று, இரண்டு இனங்கள்!

நம் சட்டத்தில் நிகழ்ந்தது இன்னும் வேடிக்கையானது. 2001ஆம் ஆண்டு ஜூலையில் சுறா, திருக்கை வகைகள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்டன. மீனவர்களின் எதிர்ப்புக்குப் பிறகு அதே ஆண்டு டிசம்பரில் பட்டியல் 10 இனங்களாகச் சுருக்கப்பட்டது. அவற்றுள் உழுவை ஒன்று. ஆனால் சட்டத்தில் எழுதிய அறிவியல் பெயர், இன்றைய வகைப்பாட்டின்படி செங்கடல் முதல் தென்னாப்பிரிக்கா வரை வாழும் இனத்துக்கு உரியது. நம் கடலில் வலையில் விழும் உழுவைகள் வேறு இனங்கள். ஆக, இரண்டு பத்தாண்டுகள் நம் சட்டம் நம் மீனைக் காக்காமல் மேற்குக் கடலின் மீனைக் காத்து வந்தது! 2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தில்தான் சுறா, திருக்கை இனங்களின் பட்டியல் விரிவடைந்தது.

அதே பத்தில் இன்னொன்று புதுச்சேரிச் சுறா. நம் கரையின் ஊர்ப்பெயரையே தாங்கி 1839இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமான மீன். உலக அருங்காட்சியகங்களில் இருபதுக்கும் குறைவான மாதிரிகளே உள்ளன. 1979க்குப் பிறகு உறுதியான பதிவு இல்லை. சட்டம் அதைத் தேடி வந்தது 2001இல். நோயாளியைக் கண்டு இருபத்திரண்டு ஆண்டுகள் ஆன பின் எழுதிய மருந்துச் சீட்டு என்று இதைச் சொன்னால் மிகையாகுமா?

வேளா மீனையும் இங்கே நினைக்க வேண்டும். வாள்போல் நீண்டு இருபுறமும் பல் முளைத்த மூக்கை உடைய இம்மீனின் பெரிய இனங்கள் உச்சிப்படியில் உள்ளன. அந்த வாளே அதற்குப் பகையாயிற்று. எந்த வலையிலும் சிக்கிக்கொள்ளும். நெய்தல் நில மக்கள் சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டதைப் பட்டினப்பாலை கூறுகிறது. கொம்புடைய சுறா என்றால் அது வேளாவே என்று கருதுவோர் உண்டு. தெய்வமாக நட்ட கொம்பு இன்று நம் கரைக்கு வருவது அரிதாகிவிட்டது.

ஜாகர்த்தாச் சந்தை தரும் பாடம்

1862ஆம் ஆண்டில் ஜாவாத் தீவின் பெரிய துறைமுக நகரில், இன்றைய ஜாகர்த்தாவின் மீன் சந்தையில், ஒரு சிறு திருக்கை வாங்கப்பட்டு அறிவியல் மாதிரியாகப் பாதுகாக்கப்பட்டது. அந்த இனத்தின் ஒரே மாதிரி அதுதான். அதன் பிறகு எத்தனை தேடியும் இன்னொன்று கிடைக்கவில்லை. 2023 டிசம்பரில் அந்த இனம் அற்றுப்போனதாகச் சிவப்புப் பட்டியல் அறிவித்தது. மனிதச் செயலால் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்ட முதல் கடல்மீன் அதுவே. காரணங்களாகக் கூறப்பட்டவை இரண்டு: கட்டுப்பாடற்ற மீன்பிடிப்பும், ஜாவாவின் வடகரையில் ஆலைகள் பெருகிக் கடலோர வாழிடம் கெட்டதும்.

துறைமுகம், மீன் சந்தை, ஆலைகள், கலங்கிய கடலோரம். இந்த வருணனையில் ஜாகர்த்தா என்ற பெயரை எடுத்துவிட்டு வட சென்னை என்று எழுதினால் பொருந்தாத சொல் எது? எண்ணூரிலிருந்து காட்டுப்பள்ளி வரை துறைமுகங்களும் அனல் மின் நிலையங்களும் நெருங்கி நிற்கின்றன. கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் சாம்பல் படிந்துள்ளது. 2017 ஜனவரியில் இரு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தையே மூடியது. அந்த ஜாவாத் திருக்கை அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்ட அதே மாதம் அது!

உழுவை ஆழ்கடல் மீன் அன்று. ஆழம் குறைந்த கரையோர மணற்பரப்பே அதன் வாழிடம். வலை, தூர்வாரல், கழிவுநீர் ஆகிய மூன்றும் சந்திக்கும் இடமும் அதுவே.

குற்றவாளி யார்?

இத்தகைய கட்டுரைகள் பெரும்பாலும் மீனவரைக் குற்றக் கூண்டில் ஏற்றி முடிகின்றன. அது சரியன்று. உழுவைக்கென்று மட்டும் கடலுக்குப் போவது அரிது. இறாலுக்கும் பிற மீனுக்கும் இழுக்கும் வலையில் அதுவும் விழுகிறது. இழுவலைக்கு இனம் பார்க்கத் தெரியாது. விழுந்த மீனின் துடுப்புக்கு வெளிநாட்டுச் சந்தையில் கிடைத்த பெருவிலையே அதைக் கரைக்குக் கொண்டுவரத் தூண்டியது. சுறாத் துடுப்பு ஏற்றுமதியை இந்தியா 2015இல் தடை செய்தது. நம் வீடுகளிலும் பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு கொடுப்பது நெடுநாள் வழக்கம். உண்பவர், வாங்குபவர், ஏற்றுமதி செய்தவர், கழிமுகத்தைக் கெடுத்தவர் எல்லோரையும் விட்டுவிட்டுப் படகில் இருப்பவரை மட்டும் பிடித்தால் அது எந்தக் கணக்கிலும் சேராது.

வழி இல்லாமல் இல்லை. ஆஸ்திரேலியாவின் வடகரையில் இறால் இழுவலைகளில் ஆமை விலக்கி என்னும் கம்பிச் சட்டத்தைக் கட்டாயமாக்கினார்கள். இறால் உள்ளே போகும். பெரிய உயிர் சட்டத்தில் தடுக்கப்பட்டு வெளியேறும். ஆமைகள் தப்பியதோடு, பெரிய திருக்கை, சுறா வகைகள் வலையில் விழுவதும் வெகுவாகக் குறைந்தது. 2025 ஜனவரியில் சென்னையிலும் அதை அடுத்த கரைகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கியபோது நாடே பேசியது. பங்குனி ஆமை பட்டியலில் உச்சிப்படிக்கு இரண்டு படி கீழே உள்ளது. உச்சிப்படியிலுள்ள உழுவை இறந்து கரையொதுங்குவதில்லை, விற்றுப்போகிறது. ஆகவே பேச்சும் எழுவதில்லை. ஒரே கருவி இரண்டையும் காக்கும் என்னும்போது ஆமைக்காக எழுந்த அக்கறையை உழுவைக்கும் நீட்டிப்பது அரிதா?

மதிப்பீட்டின் முடிவு இது. சிவப்புப் பட்டியல் நல்ல வெப்பமானி. காய்ச்சலைச் சரியாகவே காட்டுகிறது. ஆனால் வெப்பமானி வைக்கப்பட்ட உடல்கள் குறைவு. வைத்த இடங்களிலும் அளவெடுத்த நாட்கள் குறைவு. நாமோ அது காட்டும் எண்ணைப் படிக்காமல் அட்டைப் படத்தை மட்டும் பார்த்து வந்திருக்கிறோம்.

ஆண்டுக்கு 3.5 விழுக்காடு என்ற வீழ்ச்சி நினைவுக்கு எட்டாது, ஏட்டுக்கு எட்டும். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளில் பள்ளிகளும் கல்லூரிகளும் எத்தனை உள்ளன! அங்கே படிக்கும் மாணவர் பலர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். எந்த உழுவை எது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லக்கூடிய பெரியவர்கள் அவர்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள். வாரம் ஒரு நாள், ஓர் அளவு நாடாவும் ஒரு குறிப்பேடும் போதும். மீனவர் வழங்கும் பெயர், நீளம், எத்தனை, எந்தப் பக்கத்துக் கடல், எவ்வகை வலை என்ற ஐந்து பத்திகள். வரத்தே இல்லாத நாளில் 'இல்லை' என்றும் எழுத வேண்டும். சுழியும் ஓர் அளவீடுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள தடைக்காலத்தை விட்டுவிட்டுப் பத்து ஆண்டுகள் இதைத் தொடர்ந்தால், ஐந்தாண்டுக் கணக்கை நம்பி நிற்கும் இன்றைய நிலை மாறும். அடுத்த மதிப்பீட்டை எழுதுபவர் நம் கரையின் எண்ணைத் தேடும்போது, அந்த எண் இருக்கும்.